மூக்கு அதிகாரி சூப் குடிக்க மறுத்தது

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவைக் கட்டிக்கொண்ட பாவி எழுதுவது. நானும் உன் அக்காவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், தொழில்தான் சாகக் கிடக்கிறது. போன் போட்டால் நீ எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

சுகாதார அதிகாரியின் ஜீப்பை ஓட்டுகிறவன் நீ. எங்கள் சூப் கடைப் பக்கம் சோதனை என்றால் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாய். நானும் தொப்பி, கையுறைகளைப் பெட்டியிலிருந்து எடுத்து ஆட்களுக்கு மாட்டிவிடுவேன். அவர் வந்து ஒரு சுற்றுச் சுற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். இத்தனை வருஷம் இப்படித்தானே பிழைப்பு ஓடியது? இன்றைக்கு மட்டும் உன் போனுக்கு என்ன கேடு வந்தது? வாசலில் ஜீப்பை நிறுத்திவிட்டு, என்னை முன்னே பின்னே பார்த்திராதவன் மாதிரி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

உன் அதிகாரிக்கு 'மூக்கு' என்று பேர் வைத்தவன் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். மனுஷன் எதையும் பார்க்கவில்லை, மோந்துகொண்டே போய் ஃபிரிட்ஜைத் திறந்தார். அது ரிப்பேராகி எவ்வளவோ நாளாச்சு, உள்ளே துடைப்பம்தான் இருந்தது. "அப்போ மீதி சூப்பை எங்க வெக்கிறீங்க?" என்று கேட்டார். நம்ம சமையல்காரன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "எதுக்கு சார் வெக்கணும்? நேத்து மிச்சத்துலதான் இன்னிக்கு சூப்பை ஊத்துவோம். கடை தொறந்த நாள்லேர்ந்து இந்த அண்டா காலியானதே இல்ல, ருசியே அதுதான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறான். நம்ம கடையில் சாப்பிடுகிற தொழிற்சாலை ஆட்கள் கொஞ்சப் பேர் வயிற்றுப்போக்கில் படுத்துவிட்டார்களாம், அதனால்தான் இந்தச் சோதனையாம். வேலை செய்ய உடம்பு வணங்காதவனுக்கு வயிறுதானே சாக்கு?

"ஒரு வாய் குடிச்சுப் பாத்துட்டுப் பேசுங்க சார்" என்றேன். மாட்டேன் என்றுவிட்டார். உன் அக்காவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாங்கள் அந்த அண்டாவைத் தொடுவதில்லை, எங்களுக்கு என்றைக்கும் தனியாகத்தான் வைப்பாள். இருந்தும், "ஆக்குறவங்க குடிக்க மாட்டோமா?" என்று அண்டா அடியிலிருந்து ஒரு கிண்ணம் மொண்டு மடமடவென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் மொண்டாள். "போதும்மா, வேணாம்மா" என்று மூக்கே கெஞ்சினார்.

சாம்பிள் கேட்டார். அவர் போனில் பேசத் திரும்பிய நேரத்தில், எங்களுக்கென்று காலையில் வைத்த சூப்பைப் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ரிசல்ட் வரும்வரைக்கும் என்று சமையல்கூடத்தைப் பூட்டி சீல் வைத்துவிட்டார். ரிசல்ட் சுத்தமாகத்தான் வரும். வந்ததும் அவரிடம் நல்ல வார்த்தை சொல்லிப் பூட்டை எடுக்க வைப்பது உன் பொறுப்பு.

உன் வீட்டுக்காரிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. அக்கா உன்மேல் கோபமாக இருக்கிறாள், ஆனாலும் நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள்.

இப்படிக்கு,
நீ நட்டாற்றில் விட்ட அத்தான்

பின்குறிப்பு: முந்தாநாள் எழுதியதைத் தபாலில் போடவில்லை. பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து மிச்சத்தை எழுதி, சமையல்காரன் கையில் கொடுத்தனுப்புகிறேன். அன்றைக்கு ராத்திரியிலிருந்து அக்காவுக்கு வாந்தி நிற்கவில்லை. என்னையே யார் என்று கேட்கிறாள். எந்தக் கிருமி என்று தெரிந்தால் அதற்கேற்ற மருந்து கொடுக்கலாம் என்று டாக்டர் ரிசல்ட்டைக் கேட்டு வாங்கினார். சுத்தமாக இருக்கிறது என்று வந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு, சூப்பால் வந்ததில்லை, வேறு என்னவோ என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். நான் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அண்டாவிலிருந்து எடுத்து வரச் சொல்கிறார், அது சீல் வைத்த கூடத்துக்குள்ளே இருக்கிறது. மாப்பிள்ளை, உன் காலில் விழுகிறேன், ஜீப்பில் மூக்கை ஏற்றிக்கொண்டு போ. பூட்டை உடைக்கச் சொல்லு. பாட்டிலை மாத்துனது நான்தான்னு அவர்கிட்ட சொல்லிடு. கடையும் வேணாம், ஒண்ணும் வேணாம். இந்தத் தடவை அவரையே மொள்ளச் சொல்லு, அடியிலேர்ந்து.