மாப்பிள்ளை அனுப்பிய கறியை ஈர மணலில் புதைத்தது குறித்து

ஏழாயிரம்பண்ணை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஹரிஷ்குமார் அவர்களுக்கு, மாமனார் பலவேசம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். தங்கள் வயிறும் சுகமாயிருக்க இருக்கன்குடி மாரியம்மனை வேண்டுகிறோம்.

என் பெயரைப் பார்த்தால் தாங்கள் போனை எடுப்பதில்லை, ஆகவே கூரியர்.

போன வருஷத் தலைதீபாவளி என் மனத்தை விட்டுப் போகவில்லை. எங்கள் வீட்டில் கறி சாப்பிட்டுவிட்டு, சாயங்காலமே தாங்கள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு படுத்திருந்தீர்கள். கறியில் கிருமி என்றார் டாக்டர். நான் அப்போதே தலை குனிந்திருக்கலாம். "எங்க ஊருக் கறியில கிருமியா? மாப்ளைக்கு வயிறு பழகலை, அம்புட்டுத்தான்" என்று நர்சுகள் முன்னால் சொல்லிவிட்டேன்.

இந்த வருஷம் தாங்கள் வேலை பார்க்கும் ஆலையிலேயே கதிர்வீச்சு பாய்ச்சிக் கிருமியைக் கொன்ற கறியை அனுப்பி, அதைச் சமைத்தால் தீபாவளிக்கு வருவதாகச் சொன்னீர்கள். மகள் ஆர்த்தி எனக்கு அதைச் சொல்வதற்குள் பெட்டி கம்பெனி வாசலுக்கு வந்துவிட்டது. மூடியில் 'கதிர்வீச்சு' என்று அச்சடித்திருந்தது. மாப்பிள்ளை, நான் முப்பத்திரண்டு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனி போர்மேன். சந்தேகமான சரக்கைக் கண்டால் கை தானாக வேலை செய்யும். நாற்பது பேரையும் அறைகளிலிருந்து வெளியேற்றி வேப்பமரத்தடியில் நிறுத்தினேன், செப்புத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கினேன், பெட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, ஈர மணலில் புதைத்து, நாலு பக்கமும் சிவப்புக் கொடி நட்டேன். காவல்காரர் சங்கிலிமுத்து மட்டும், "அண்ணாச்சி, கறி வாடைல்லா அடிக்கி" என்றார். "ஏலே, வாடையப் பாத்து வெடிய எடை போடாத, தள்ளி நில்லு" என்று அதட்டினேன். சீசன் நேரத்தில் ரெண்டு மணி நேரம் வேலை நின்றது. மறுநாள் காலையில் பார்த்தால் தெருநாய்கள் தோண்டி மொத்தத்தையும் தின்றிருந்தன. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"நாய்களுக்குத் தலைதீபாவளி அண்ணாச்சி" என்றார் சங்கிலிமுத்து.

ஆர்த்தி போனில் அழுதாள். "வெளிச்சம் பட்ட சட்டை வெளிச்சம் விடுமாப்பா? அது கிருமியக் கொன்னுட்டுப் போயிரும், கறியில எதுவும் தங்காது. அவுக வாரேன்னு சொன்னதே எனக்காகத்தான். அதப் போய்ப் புதைச்சிட்டீகளே." அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

கோபத்திலும் தாங்கள் இரண்டாவது பெட்டி அனுப்பினீர்கள்; இதற்கும் ஏதாவது ஆனால் இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்ற சீட்டோடு. சீட்டை மூன்று தடவை வாசித்துத் தெளிந்துவிட்டேன். இந்தப் பெட்டியை நனைக்கவில்லை, புதைக்கவில்லை, கொடி நடவில்லை. நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அதே ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்கச் சொன்னாலும் கேட்கிறேன். என் பிள்ளையைத் தனியாக மட்டும் அனுப்பிவிடாதீர்கள். தீபாவளிக்கு முந்தின நாள் விருதுநகர் ஸ்டேஷனில் நிற்பேன்.

தாங்களும் ஆர்த்தியும் நோய்நொடி அண்டாமல் நெடுநாள் வாழ ஆசீர்வதிக்கும்,
பலவேசம்

பி.கு.: பெட்டி பத்திரம். தாங்கள் சொன்னதை முழுக்க நம்புகிறேன். இருந்தாலும் பெற்ற பிள்ளை சாப்பிடப்போவது. மிச்சம் மீதி உள்ளே இருந்தால் வெளியேறட்டும் என்று ஒவ்வொரு பாக்கெட்டிலும் கோணி ஊசியால் நாலு ஓட்டை போட்டு, வெடி காயப்போடும் மேடையில் மூன்று நாளாக வெயிலில் வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு அதைத்தான் சமைக்கிறோம். இந்தத் தடவை நாய்கள்கூடக் கிட்டே வருவதில்லை.