குதிரை பார்க்கப் போன விரதக்காரன்

ஒரு ஊரிலே ஒரு ராசா இருந்தார் என்று தொடங்க எனக்கும் ஆசைதான். ஆனால் ஊர் நீர்வேலி. இங்கே ராசா கிடையாது. வாழைத்தோட்டம் இருக்கிறது, தோட்டத்துக்கு நடுவில் ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டில் ஒரு ராணி இருக்கிறாள். பெயர் தர்சிகா. ராணிக்கு ஒரு புருசன். பிரதேச சபையில் கிளாக்கர். வாகீசன் என்று சொல்லுவார்கள். அது நான்தான்.

நல்லூர் முருகன் கோயிலில் கொடி ஏறினால் எங்கள் வீட்டில் சைவம். மச்சம், அதுதான் மீன் இறைச்சி, சமைக்கிற சட்டி மூன்றையும் தர்சிகா கழுவிக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டிலில் கவிழ்த்துவிடுவாள். திருவிழா முடியும் வரை இருபத்தைந்து நாளும் சட்டிகள் மாட்டோடு குடியிருக்கும். இது வீட்டுச் சட்டம், எல்லோருக்கும் பொது. நான் அத்தோடு நின்றிருக்கலாம்.

நிற்கவில்லை. காரணம் என் மாமனார் பஞ்சலிங்கம். ஓய்வுபெற்ற தபால் அதிபர். எங்களோடுதான் இருக்கிறார். கொடியேற்றத்தன்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"தம்பி, போன வருசம் ஏழாம் திருவிழா அண்டு பேக்கரிக்குள்ளை நிண்டு றோல்ஸ் கடிச்சது உம்மைப் போல ஓராள் எண்டு கதை."

"அது மரக்கறி றோல்ஸ், மாமா."

"அப்ப ஏன் சுவரைப் பாத்துக்கொண்டு கடிச்சனீர்?"

என் அம்மா சின்னாச்சி என்னைப் பார்த்தார். தர்சிகா என்னைப் பார்த்தாள். ஏழு வயது மகள் ஆரணி, பார்ப்பது நல்ல விளையாட்டுப் போல என்று தானும் பார்த்தாள். எனக்கு ரோசம் வந்தது. எழும்பிச் சாமியறைக்குப் போய் எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்.

"இந்த இருபத்தைஞ்சு நாளும் நான் முருகனுக்கு நேத்தி, விரதம். வீட்டிலை மட்டுமில்லை, எங்கை போனாலும் மச்சம் தொடமாட்டன்."

"எங்கை போனாலும்" தேவையில்லாத சொல். பேச்சு வேகத்தில் வந்துவிட்டது. அம்மா அது ஆறுவதற்குள் ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்து முருகன் படத்தடியில் வைத்துவிட்டார். இனி அது முருகனுக்கும் எனக்கும் இடையிலான விசயம். இடையில் வீட்டார் நாலு பேர் சாட்சி.

பத்து நாள் சமாளித்தேன். பதினோராம் நாள் கத்தரிக்காய் என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியது. பன்னிரண்டாம் நாள் கந்தோரில் என் பக்கத்து மேசைக்காரன், கொழும்புத்துறைச் சூசைதாசன், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தான். கணவாய்க் கறி. நான் யன்னல் பக்கம் திரும்பினேன். காற்றும் அந்தப் பக்கத்தால்தான் வந்தது.

"நெடுந்தீவிலை என்ரை மாமி இருக்கிறா, லூர்த்தம்மா," என்றான் அவன், வாயில் கணவாயோடு. "குதிரை பாக்க வாற சனத்துக்கு ஓடருக்குச் சமைச்சுக் குடுக்கிறவ. அவ வைக்கிற நண்டுக்கறிக்குக் கோப்பையை நக்கவேணும்."

"நான் நேத்தியெல்லே, சூசை."

"கடலுக்கு அங்காலையுமோ?"

இந்த ஒரு கேள்வியில் எவ்வளவு சட்டம் இருக்கிறது என்று அன்று முழுக்க யோசித்தேன். கொடி நல்லூரில் ஏறியிருக்கிறது. மணிச் சத்தம் மிஞ்சி மிஞ்சிப் போனால் அரியாலை வரை கேட்கும். நெடுந்தீவோ கடலில் ஒரு மணித்தியாலம். முருகனுக்குத் திருவிழா நேரத்தில் ஆயிரம் வேலை. ஒரு கிளாக்கருக்குப் பின்னால் படகு பிடித்து வருவாரா?

ஆனால் தனியாக நெடுந்தீவுக்குப் போகிற கிளாக்கரை ஊர் சந்தேகப்படும். குடும்பமாகப் போனால் அது சுற்றுலா. அவர்கள் குதிரையைப் பார்க்கட்டும். நான் நண்டைப் பார்க்கிறேன்.

அன்று பின்னேரம் கீரை ஆய்ந்துகொண்டிருந்த தர்சிகாவிடம் மெல்லத் தொடங்கினேன்.

"இஞ்சாரும், பிள்ளைக்கும் லீவு. சனிக்கிழமை நெடுந்தீவுக்குப் போய்க் குதிரை காட்டுவமே?"

"ஆர், நீங்களோ?"

"ஏன், நான் காட்டினால் குதிரை தெரியாதோ?"

"கலியாணம் முடிச்சுப் பத்து வருசம். கீரிமலைக்குப் போவம் எண்டால் முழங்கால் நோகுது எண்டுவியள். கசூரினாக் கடற்கரைக்கு எண்டால் வெயில் எண்டுவியள். இப்ப கடல் கடந்து குதிரை பாக்கவோ?"

"பிள்ளைக்குப் பொது அறிவு வளரவேணும்."

"வளரட்டும். அப்பாவையும் மாமியையும் கூட்டிக்கொண்டு போவம். அதுகளுக்கும் வளரட்டும்."

இவ்வளவு சுகமாக அவள் எதற்கும் சம்மதித்ததில்லை. என் பேச்சுத் திறமை என்று நினைத்தேன்.

அவள் கிணற்றடிக்குக் குளிக்கப் போன நேரம் சூசை தந்த லூர்த்தம்மாவின் இலக்கத்துக்கு அழைக்கப் பார்த்தேன். என் போனில் காசு முடிந்திருந்தது. தர்சிகாவின் போன் கட்டிலில் கிடந்தது. எடுத்தேன். ஒரு ஆளுக்குச் சாப்பாடு, பெரிய நண்டு, முருங்கையிலை போட்டுக் கறி, சனிக்கிழமை பன்னிரண்டரை, தனியாக வருவேன் என்று எல்லாம் விபரமாகச் சொன்னேன். கடலுக்கு அங்கால் விரதம் செல்லாது என்ற சட்டத்தையும் அவவுக்கு விளங்கப்படுத்தினேன். பிறகு அழைத்த இலக்கத்தைப் போனிலிருந்து அழித்துவிட்டு அதே இடத்தில், அதே சாய்வில் வைத்தேன். ஒரு தடயம் இல்லை. களவெடுக்கிறதிலும் ஒரு கந்தோர் ஒழுங்கு வேண்டும்.

சனிக்கிழமை விடிய வாடகை வான் பிடித்துக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகு. கடல் கொஞ்சம் துள்ளியது. மாமா முதல் துள்ளலுக்குத் தேவாரம் தொடங்கினார். மூன்றாவது துள்ளலுக்குத் தேவாரம் நின்று வேறு சத்தம் வந்தது. அம்மா தேசிக்காய் ஒன்றை மூக்கில் பிடித்தபடி, "மோனை, குதிரை நிக்குமோ, இல்லாட்டி ஓடிப்போயிடுமோ?" என்று பத்துத் தரம் கேட்டார்.

"நிக்கும் அம்மா."

"ஓடினால் காசைத் திருப்பித் தருவினமோ?"

நெடுந்தீவில் ஒரு சின்னப் பிக்கப் பிடித்தோம். தீவைச் சுற்றிக் காட்டுகிற சாரதி முதலில் பெருக்க மரத்தைக் காட்டினான். மாமா அதன் பொந்துக்குள் போய் நின்று படம் எடுத்தார். பிறகு வளர்கிற கல்லைக் காட்டினான். மாமா பக்கத்தில் நின்று, வளருகிறதா என்று ஐந்து நிமிசம் பார்த்தார். பிறகு ஒரு பூதத்தின் காலடியைக் காட்டினான். மாமா தன் செருப்பைக் கழற்றி அளந்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பதினொன்றே முக்கால்.

கடைசியில் குதிரை வெளி. புல் காய்ந்துபோன தரையில் பத்துப் பன்னிரண்டு குதிரைகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன.

"உதுவோ குதிரை?" என்றார் மாமா. "நான் கழுதை எண்டெல்லே நினைச்சன்."

"வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போன பரம்பரை, மாமா."

"அதுதான் விட்டிட்டுப் போயிருக்கிறான்."

பக்கத்தில் நின்ற ஒன்றின் விலாவெலும்பை எண்ணலாம். ஒரு வருசம் ஒருசந்தி விரதம் பிடித்ததுபோல் என்னை ஒரு பார்வை பார்த்தது. எங்கள் இருவருக்கும் ஒருவரை ஒருவர் விளங்கியது.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு, எங்காவது ஒரு வீட்டில் ஒதுங்கவேண்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். தர்சிகா முந்திவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, மாமிக்குத் தலை சுத்துதாம். நான் அவவையும் ஆரணியையும் கொண்டுபோய் நிழலிலை விட்டிட்டு வண்டியைத் திருப்பி அனுப்புறன். நீங்கள் அப்பாவுக்கு ஆறுதலாய்க் குதிரையைக் காட்டுங்கோ."

அம்மாவைப் பார்த்தேன். தலை சுற்றுகிறவர் போலத் தெரியவில்லை. பிக்கப்பில் பின்னால் ஏறுவதற்குச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார். ஆனால் எனக்கு அப்போது ஒரே கணக்குத்தான். நாலு பேரில் மூன்று பேர் தானாகவே கழிகிறார்கள். மிச்சம் மாமா ஒருவர்.

மாமாவைக் கழற்றுவது சுகமாக இல்லை. "மாமா, வெயில், நீங்கள் போய் இருங்கோவன்" என்றேன். "எனக்கென்ன வெயில், உமக்குத்தான் விரதக் களை, நீர் போய் இரும்" என்றார். "ஐயோ, நான் உங்களைத் தனிய விடுவனோ" என்றேன். "ஐயோ, நான் உம்மைத் தனிய விடுவனோ" என்றார். இப்படி அரைமணித்தியாலம் ஒருவர்மேல் ஒருவர் அன்பைக் கொட்டினோம். வண்டி திரும்பி வந்து நின்றது.

"தம்பி, ஒரு உதவி," என்றார் மாமா. "அந்தத் தொங்கலிலை ஒரு கறுப்பன் நிக்குது பாரும். அதின்ரை முகத்தைக் கிட்டப் போய் ஒரு படம் எடுத்துத் தாரும். கனடாவுக்கு மகனுக்கு அனுப்பவேணும்."

போனேன். கறுப்பனுக்குப் படம் எடுப்பதில் விருப்பமில்லை. நான் பத்து அடி போனால் அது இருபது அடி போனது. கடைசியில் அதன் பின்பக்கத்தைத்தான் எடுக்க முடிந்தது. திரும்பிப் பார்த்தால் தூரத்தில் புழுதி. மாமாவை ஏற்றிக்கொண்டு பிக்கப் போகிறது.

வேறு யாராவது என்றால் கோபப்பட்டிருப்பார்கள். எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கியது. வெளியில் ஒரு குதிரைக் கூட்டம், நான், நடுவில் எந்த உறவும் இல்லை. லூர்த்தம்மா வீட்டுக்கு வழி கேட்டு இரண்டு மைல் நடந்தேன். நடந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்கிறேன். அன்று அந்தத் தீவில் உண்மையாக ஓடியது நான் ஒருவன்தான்.

கல்வேலி மூலை திரும்பும்போதே மணம் வந்தது. மிளகும் பெருஞ்சீரகமும் முருங்கையிலையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த மணம். இத்தனை நாள் கத்தரிக்காயை மறந்தேன். படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

முற்றத்தில் ஒரு பெரிய பேசின். அது நிறைய நண்டு ஓடு. பக்கத்தில் ஒரு பூனை, வயிறு மேலே பார்க்கப் படுத்திருந்தது. கழுவிக் கவிழ்த்த சோற்றுக் கோப்பைகள் நாலு.

லூர்த்தம்மா சேலைத் தலைப்பில் கை துடைத்துக்கொண்டு வந்தா.

"வாங்கோ தம்பி. விரதக்காரத் தம்பி நீங்கள்தானே?"

"நான் ஓடர் குடுத்த..."

"ஓமோம். அண்டைக்கு நீங்கள் எத்தினை நண்டு எண்டு சொல்லேல்லை. அதைக் கேக்க நான் திருப்பி எடுத்தனான். உங்கடை மனுசிதான் கதைச்சவ. நல்ல பிள்ளை. 'ஒரு ஆளுக்கில்லை அக்கா, நாலு ஆளுக்கு வையுங்கோ' எண்டவ."

நான் அங்கே கிடந்த மரவாங்கில் குந்தினேன். நான் அழித்தது என் பக்கத்து இலக்கத்தை. அந்தப் பக்கத்திலும் ஒரு போன் இருக்கிறது, அதற்கும் திருப்பிக் கூப்பிடத் தெரியும் என்பது பிரதேச சபையில் பதினாறு வருசம் இருந்தவனுக்குத் தோன்றவில்லை.

"நாலு ஆள்," என்றேன். "நானும் சேத்தோ?"

"நீங்கள் ஏன் தம்பி? நீங்கள் நேத்தியெல்லே." உள்ளே போய் ஒரு எவர்சில்வர் கரியரைக் கொண்டுவந்து வைத்தா. எங்கள் வீட்டுக் கரியர். "மனுசி விடிய எழும்பிச் சமைச்சுக் கொண்டந்தவ. மச்சம் புழங்கிற எங்கடை சட்டியிலை ஆக்கினது உங்களுக்கு ஆகாதாம். தட்டு வேண்டாம், வாழையிலையும் உள்ளுக்கு வைச்சிருக்கிறா."

திறந்தேன். மேல்தட்டில் கத்தரிக்காய்.

கிணற்றடியிலிருந்து நாலு பேரும் வந்தார்கள். மாமா பல்லுக்குள் ஈர்க்கு விட்டுக்கொண்டு வந்தார்.

"கறுப்பன்ரை முகம் வந்துதோ, தம்பி?"

நான் மனைவியைப் பார்த்தேன்.

"தர்சிகா, இது திருவிழா. வீட்டிலை சைவம்."

"ஓம். வீட்டிலை சைவம்தான். சட்டி மூண்டும் மாட்டுக்கொட்டிலிலை கவுண்டபடி கிடக்கு. இது லூர்த்தக்கான்ரை சட்டி." என் பக்கத்தில் வந்து இருந்து, இலையை விரித்துச் சோறு போட்டாள். "கடலுக்கு அங்காலை விரதம் செல்லாது எண்டு நீங்கள்தானே அக்காவுக்குப் படிப்பிச்சனீங்கள். எனக்கு அது நல்லாய்ப் பிடிச்சுது."

"அப்ப எனக்கும் செல்லாதெல்லே?"

"அதெப்பிடி? எங்கடை சைவம் வீட்டுச் சைவம், அது வீட்டிலை நிக்கும். உங்கடை நேத்தியெல்லே 'எங்கை போனாலும்'. அது ஆளோடை வரும்."

"அம்மா," என்றேன், பெற்ற வயிற்றை நம்பி. "நீயுமோ?"

"நான் எங்கை மோனை நண்டு கடிக்கிறன், எனக்குப் பல்லோ இருக்கு? குழம்பு மட்டும்தான் தொட்டனான்." கொஞ்சம் யோசித்தார். "ஒரு நாலு தரம்."

"ஒரு கால் கிடக்கு, சட்டிக்குள்ளை," என்றா லூர்த்தம்மா, என் முகத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல். அந்த மனுசிக்கு ஒரு நாளும் ஒரு குறையும் வரக்கூடாது.

நான் நிமிர்ந்தேன். தர்சிகா குரலை உயர்த்தவேயில்லை.

"தின்னுறதெண்டால் தின்னுங்கோப்பா. நான் மறிக்கேல்லை. மாமி முடிஞ்சு வைச்ச காசை ஆர் அவிழ்க்கிறது எண்டு மட்டும் சொல்லிப்போட்டுத் தின்னுங்கோ."

அம்மா என்னைப் பார்த்தார். மாமா ஈர்க்கை எடுத்துவிட்டுப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். ஒரு துண்டு கத்தரிக்காயை எடுத்து வாயில் வைத்தேன்.

அந்த நண்டுக்காலை மாமா கேட்டு வாங்கினார். வீணாகக் கூடாதாம்.

படகுக்கு நேரமாகிவிட்டது என்று சாரதி வண்டிக் கோண் அடித்தான். மாமா போய் முன் சீற்றில் ஏறினார். தர்சிகா அம்மாவைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். லூர்த்தம்மா பேசினைத் தூக்கிக்கொண்டு வீட்டுக் கோடிப்பக்கம் போனா, பூனை பின்னால் போனது. ஆரணி மட்டும் போகவில்லை. நான் வெந்தயக்குழம்பு விட்டுக் குழைக்கிறதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைக்கு மனம் இளகிவிட்டது. கிட்ட வந்து, வலது கையை என் மூக்கடிக்கு நீட்டினாள்.

"அப்பா, வேணுமெண்டால் மணந்து பாருங்கோ."

மணந்தேன். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தரம் இழுத்தேன்.

"காணும், போதும்," என்று கையைப் பறித்துக்கொண்டு அவளும் போய்விட்டாள்.