பாட்டிலைத் தொடாத இளையபெருமாள்

செஞ்சி காந்தி பஜாரில் பெயின்ட் கடை வைத்திருந்த இளையபெருமாள், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தார். மனைவி கலைவாணி தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இனிமேல் கலர் பாட்டிலைக் கையால் தொட மாட்டேன்." அவ்வளவுதான் சத்தியம். சொல்லி முடித்ததும் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குரல் தழுதழுத்தது. கலைவாணிக்கே கண் கலங்கிவிட்டது.

கலர் என்றால் கடையில் விற்கிற கலர் இல்லை, குடிக்கிற கலர். ஊரார் வீட்டுச் சுவருக்கு வெளியே அடிக்கிற கலரை விற்று, தன் வயிற்றுக்கு உள்ளே அடிக்கிற கலரை வாங்கிக்கொண்டிருந்த மனிதர் அவர். கடை திறந்ததும் ஒன்று. வெயில் ஏறினால் ஒன்று. சாப்பாடு செரிக்க ஒன்று. எடுத்துப்போன டின்னை, பொண்டாட்டிக்குப் பச்சை பிடிக்கவில்லை என்று எவனாவது திருப்பிக்கொண்டு வந்தால், அந்த வருத்தத்துக்கு ஒன்று. அதிலும் ஆரஞ்சுதான் வேண்டும். ஜில்லென்ற முதல் மடக்கு தொண்டையில் இறங்கி, மூக்கில் சுர்ரென்று ஏறி, கண்ணில் தண்ணீர் முட்டும் அந்த நொடிக்காகத்தான் தான் உயிரோடு இருப்பதாக அவருக்கு ஒரு எண்ணம் இருந்தது. இதைக் கலைவாணியிடம் மட்டும் அவர் சொன்னதில்லை. சொன்னால், அப்போ நான் எதுக்கு இருக்கேன் என்று கேட்பாள்.

ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறியிருந்தது. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், கலரை அடியோடு நிறுத்திவிட்டு தினமும் நடக்கட்டும், அடுத்த டெஸ்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். வாரத்துக்கு ஒன்றாவது குடிக்கலாமா என்று இளையபெருமாள் கேட்டார். டாக்டர் கலைவாணியைப் பார்த்தார்.

கலைவாணிக்கு அந்தப் பயம் புதிதில்லை. அனந்தபுரத்தில் விவசாயம் பார்க்கும் இளையபெருமாளின் அண்ணன் ஜெயராமனுக்கு இதே சர்க்கரையில்தான் கால்விரல் இரண்டு போனது. ஆஸ்பத்திரியில் அவருக்குக் கட்டுப் பிரித்தபோது பக்கத்தில் நின்றவள் கலைவாணி. கூடப் பிறந்த தம்பி அதைப் பார்க்க மனசு வராமல் வெளியே போய் ஒரு கலர் வாங்கிக் குடித்தார்.

அதனால்தான் சத்தியம். சத்தியத்தின் வார்த்தைகளை யோசித்துத் தேர்ந்தெடுத்தவர் இளையபெருமாள். கலரைக் குடிக்க மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. பாட்டிலைத் தொட மாட்டேன் என்றுதான் சொன்னார். தெய்வம் வார்த்தையைத்தானே பார்க்கும் என்று நம்பினார். மனைவியும் வார்த்தையைப் பார்ப்பாள் என்பது அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாளிலிருந்து நடக்கப் போனார். கலைவாணி வாங்கிக் கொடுத்த வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு, திருவண்ணாமலை ரோட்டில் கோட்டைப் பக்கம் நடந்தார். ராஜகிரி மலைக்குத் திரும்புகிற வழியில், புளியமரத்து நிழலில், வள்ளியம்மாள் என்கிற பெண் பெட்டிக்கடை வைத்திருந்தாள். கோட்டை பார்க்க வருகிறவர்களுக்குத் தண்ணீர், கலர், சோடா, வெள்ளரிக்காய் விற்பாள். இளையபெருமாள் அவளோடு ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். பாட்டிலை அவளே திறக்க வேண்டும். உள்ளே திரும்பி நின்று எவர்சில்வர் டம்ளரில் ஊற்றித் தர வேண்டும். அவர் பாட்டிலைத் தொடவும் மாட்டார், பார்க்கவும் மாட்டார். ரோட்டில் போகிறவன் பார்த்தால் மோர் குடிக்கிறார் என்று நினைத்துக்கொள்வான். ஏன் இந்தச் சுற்றுவழி என்று அவள் கேட்டதற்கு, சாமி சமாச்சாரம் என்று சொல்லிவிட்டார்.

முதல் சில நாட்கள் சொர்க்கமாக இருந்தது. டம்ளரைக் காலி செய்துவிட்டு, வாயைக் கொப்பளித்து, வியர்வையோடு வீட்டுக்கு வருவார். வந்ததும் தியாகி வேஷம். பஜாரில் எவனாவது பாட்டிலைத் தூக்கிக் குடித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரை உதாரணம் காட்டிப் பக்கத்துக் கடைக்காரர்களை அவர்கள் வீட்டில் திட்டினார்கள். கலைவாணி அவர் முதுகைத் தடவி, உங்களுக்கு இவ்வளவு மனஉறுதி இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை என்றாள். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. தப்பு செய்கிறோமே என்று ராத்திரி புரண்டு படுத்தார். காலையில் எழுந்து ஷூவை மாட்டிக்கொண்டார்.

ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை. போகப் போக, கலரில் ஏதோ குறைந்தது. மூக்கில் ஏறுவது ஏறியது. இனிப்புதான் முன்போல் இல்லை. நாக்கின் ஓரத்தில் லேசாகத் துவர்ப்பு தட்டியது. வள்ளியம்மாளிடம் கேட்டார். "கம்பெனிக்காரன் மாத்திட்டாண்ணா. எல்லாரும் இதையேதான் சொல்றாங்க" என்றாள் அவள், வெள்ளரிக்காயை நறுக்கிக்கொண்டே. இளையபெருமாளுக்கு உலகத்தின் மேலேயே வெறுப்பு வந்தது. ஒரு மனுஷன் பெண்டாட்டியை ஏமாற்றி, தெய்வத்தை ஏமாற்றி, இவ்வளவு தூரம் நடந்து வந்து குடிக்கிறான். அவனுக்குக்கூட உருப்படியாக ஒரு கலர் கிடைக்காத காலம் இது. இருந்தாலும் விட முடியவில்லை. சரியாக இல்லாவிட்டாலும் நம்முடையதாயிற்றே என்று குடித்தார்.

ஒருநாள் அங்கே ஒரு குரங்கு வந்தது. கோட்டைக் குரங்குகளின் சேட்டையை அந்த ஊரில் தெரியாதவர் இல்லை. வருகிறவர்கள் கையிலிருக்கிற பாட்டிலைப் பிடுங்கி, மூடியைக் கடித்துத் திறந்து குடித்துவிடும். அவர் டம்ளரைக் கல்லின் மேல் வைத்துவிட்டு ஷூ கயிற்றைக் கட்டக் குனிந்தபோது, ஒன்று பாய்ந்து டம்ளரை எடுத்தது. முகர்ந்து பார்த்தது. அவர் முகத்தையும் ஒரு தரம் பார்த்தது. பிறகு டம்ளரை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டது. நடந்து வருகிற மனிதனின் களைப்பு ஒரு குரங்குக்குக்கூடப் புரிகிறது என்று இளையபெருமாள் நெகிழ்ந்து போனார். வள்ளியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே திரும்பிக்கொண்டாள்.

அடுத்த டெஸ்ட் வந்தது. கிளினிக்கில் காத்திருந்தபோது அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். குடித்த கலரெல்லாம் இன்றைக்குக் காகிதத்தில் வந்துவிடும். பெண்டாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். அண்ணனின் கால் நினைவுக்கு வந்தது. ஷூவுக்குள் தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்துக்கொண்டார். எல்லாம் இருந்தன.

டாக்டர் பேப்பரைப் பார்த்துவிட்டு எழுந்து கை கொடுத்தார். சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது, இப்படியே இருங்கள் என்றார். கலைவாணி டாக்டரைக் கும்பிட்டாள். இளையபெருமாள் பேப்பரை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவர் மனசுக்குள் ஒரு பெரிய கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. தினமும் கலர் குடித்திருக்கிறோம். சர்க்கரை இறங்கியிருக்கிறது. அப்படியானால் சர்க்கரையை இறக்கியது எது?

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் விடை ஒன்றுதான் வந்தது. ஆரஞ்சு கலருக்கு சர்க்கரையை முறிக்கிற குணம் இருக்கிறது. டாக்டர்களுக்கு இது தெரியாது, அல்லது தெரிந்தும் சொல்வதில்லை. இந்த உண்மையை யாரிடம் சொல்வது? கலைவாணியிடம் சொல்ல முடியாது. அப்போதுதான் அனந்தபுரத்து அண்ணன் ஞாபகத்துக்கு வந்தார். மாத்திரையும் பத்தியமுமாக, ருசி செத்துப்போன நாக்கோடு அந்த மனுஷன் உட்கார்ந்திருக்கிறாரே. தம்பி என்று ஒருவன் இருந்து என்ன பிரயோஜனம்?

ஞாயிற்றுக்கிழமை, அண்ணனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு கடையில் பெரிய ஆரஞ்சு பாட்டில் ஒன்றைக் கடைக்காரரே பைக்குள் வைக்கும்படி கேட்டுக்கொண்டார். பையை மட்டும் தூக்கினார். சத்தியம் சத்தியம்தான்.

ஜெயராமன் வாசலில் நாற்காலி போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தம்பி கிட்டே உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, தான் கண்டுபிடித்ததைச் சொன்னார். டெஸ்ட் பேப்பரையும் காட்டினார். ஜெயராமன் பேப்பரை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அவர் முகத்தில் வந்த ஆசையைப் பார்த்து இளையபெருமாளுக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணன் மனைவியைக் கூப்பிட்டு, பாட்டிலைத் திறந்து இரண்டு டம்ளரில் ஊற்றச் சொன்னார்கள். அவள் ஊற்றி வைத்துவிட்டு, செல்போனை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனாள்.

முதலில் இளையபெருமாள் ஒரு மடக்கு குடித்தார்.

தொண்டையில் பாகைக் காய்ச்சி ஊற்றினாற்போல் இருந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குமட்டியது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. பாட்டில் கெட்டுப்போயிருக்கிறது என்று அண்ணனுக்குக் கையைக் காட்டினார். ஜெயராமன் தன் டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். அந்த நேரத்தில் அடுப்பங்கரையிலிருந்து போன் வெளியே வந்தது. ஸ்பீக்கரில் கலைவாணியின் குரல்.

"மாமா, அந்த டம்ளரைக் கீழ வைங்க. வெச்சுட்டீங்களா? இப்ப அவர்கிட்ட குடுங்க போனை."

இளையபெருமாள் போனைப் பார்த்தார். கையில் வாங்கவில்லை.

"இன்னாங்க, நீங்க கலர் குடிச்சு ரொம்ப நாளாவுது. அது தெரியாம அங்க போய் வைத்தியம் சொல்லிகினு இருக்கீங்க."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை பேருக்கு முன்னால் தன் கண்டுபிடிப்பைக் கெடுக்கிறாளே. "யாரு சொன்னது? தினமும் குடிக்கிறேன்டி நானு" என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்தது.

"நடக்கப் போறவங்க யாராவது ஆரஞ்சு வாசனையில ஏப்பம் விடுவாங்களா?" என்றாள் கலைவாணி. "ஷூ வாங்கிக் குடுத்த அந்த வாரமே எனக்குத் தெரியும்."

மிச்சத்தையும் அவளே நிதானமாகச் சொன்னாள். ஏப்பத்தைப் பிடித்துக்கொண்டே பின்னால் போய் வள்ளியம்மாளைக் கண்டுபிடித்தாள். சண்டை போடவில்லை. பாட்டிலைப் பார்க்காமல் டம்ளரில் குடிக்கிற மனுஷனுக்கு எதை ஊற்றினால் என்ன என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வீட்டில் ஆவாரம்பூவைக் கொதிக்கவைத்து வடிகட்டினாள். கடை திறக்கப் போகிற வழியில் வள்ளியம்மாள் அதைக் கேனில் வாங்கிப் போவாள். முதல் நாள் கலரில் ஒரு கரண்டி. அப்புறம் இரண்டு. சுர்ரென்று ஏறுவதற்கு சோடா. பெயின்ட் கடையில் மத்தியான நேரமெல்லாம் ஷேடு கலந்து கொடுத்தவள் அவள்தான். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். நாக்கும் அப்படித்தான் என்று தெரிந்துகொண்டாள். முதல் மாசம் முடிவதற்குள் டம்ளரில் கலர் ஒரு சொட்டுகூட இல்லை.

"கஷாயமா?" என்றார் இளையபெருமாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"கஷாயந்தான். கட்டுப் பிரிக்கும்போது மாமா கால் பக்கத்துல நின்னவ நான். நீங்க வெளிய போயிட்டீங்க." அவள் போனை வைத்துவிட்டாள்.

கோழி ஒன்று வந்து, ஜெயராமன் கீழே வைத்த டம்ளரிலிருந்து சிந்தியிருந்த ஆரஞ்சைக் கொத்திப் பார்த்தது. ஜெயராமன் நெடுநேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னை யாரும் இப்படி ஏமாத்தலையேடா" என்றார். அவர் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இளையபெருமாளுக்கு உலகமே வெறிச்சோடிப் போயிருந்தது. கலரும் போய்விட்டது. கலரைத் திருட்டுத்தனமாகக் குடிக்கிற சந்தோஷமும் போய்விட்டது. அதைவிடக் கொடுமை, அந்தச் சந்தோஷம் நடந்துகொண்டிருந்தபோதே அது இல்லாமல் இருந்திருக்கிறது. வீட்டில் கலைவாணி எப்போதும்போல் சோறு போட்டாள். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று அவர் மெதுவாகக் கேட்டார். சத்தியம் பண்ணும்போது நீங்க எங்கிட்ட சொன்னீங்களா என்று கேட்டுவிட்டு, அவள் ரசம் ஊற்றினாள்.

திங்கட்கிழமை காலையில் நடக்கப் போவதில்லை என்று படுத்துக் கிடந்தார். கலைவாணி எழுப்பவும் இல்லை, திட்டவும் இல்லை. அதனாலேயே படுத்திருக்க முடியவில்லை. ஷூவை மாட்டிக்கொண்டு கிளம்பினார். இன்றைக்கு அந்த வள்ளியம்மாளை நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார்.

அவரைக் கண்டதும் அவள் ஐஸ் பெட்டியைத் திறந்து, ஒரு ஆரஞ்சு பாட்டிலை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். பாட்டிலின் மேல் தண்ணீர் முத்து முத்தாக வழிந்தது. "அக்கா சொல்லிட்டாங்கண்ணா. இனிமே நீங்க எது கேட்டாலும் குடுத்துடச் சொன்னாங்க. சத்தியமும் ஒண்ணும் இல்லையாம். நீங்களே தொட்டு எடுத்துக்கலாமாம்."

இளையபெருமாள் பாட்டிலைப் பார்த்தார். எத்தனையோ நாளாக ஏங்கியது கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றது. நேற்றைய பாகு தொண்டையில் மறுபடி ஏறி வந்தது. கேட்க நினைத்த நாலு கேள்வியும் மறந்து போயின. நடந்து வந்த தாகம் மட்டும் இருந்தது. வேறு ஒரு தாகம். லேசான துவர்ப்போடு, சோடா சுர்ரென்று ஏறுகிற தாகம். ரோட்டில் யாரும் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். பெட்டிக்கடைக்குள் தலையை நீட்டி, ரகசியமாகக் கேட்டார்.

"அந்த... பழையது ஒரு டம்ளர் கிடைக்குமா?"

வள்ளியம்மாள் பாட்டிலை எடுத்துத் திரும்பவும் ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடினாள்.

"அதைக் கேட்டா வீட்டுக்கு அனுப்பச் சொன்னாங்கண்ணா. காய்ச்சி வெச்சுட்டாங்களாம், ஆறிடப் போவுது."