புதன்கிழமைக்காரரும் டினையல் அக்காவும்

திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவில் யாருக்கு எந்தக் கிழமை மனசு சரியில்லை என்று சொல்லக்கூடிய ஒரே மனுஷி இந்த உலகத்தில் டினையல் அக்காதான். சந்தேகம் இருப்பவர்கள் வேங்கிக்காலில் எங்கள் பழைய ஆபீசுக்குப் போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

கீழே பேக்கரி, மேலே நாங்கள். அமெரிக்காவில் தனியாக கிளினிக் வைத்து மனநல ஆலோசனை சொல்லும் தெரபிஸ்டுகளுக்காக, இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு கம்ப்யூட்டர் வழியாக பில் அனுப்புவது எங்கள் வேலை. அப்படி அனுப்பும் பில்லுக்கு கிளெய்ம் என்று பெயர். கம்பெனி முடியாது என்று திருப்பியடித்தால் அது டினையல். திரும்பி வந்தவற்றை எல்லாம் என்ன ஏது என்று பார்த்து, சரிசெய்து, மறுபடி அனுப்பி வைப்பவர் அக்கா. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. அது சம்பளம் போடுகிறவருக்கு மட்டும்தான் தேவைப்பட்டது.

அக்காவின் மேஜை மலையைப் பார்த்த ஜன்னலோரம். காலையில் வந்து, டிபன் பாக்ஸை வைத்துவிட்டு, அண்ணாமலையையே கொஞ்ச நேரம் பார்ப்பார். கொஞ்ச நேரம் என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். சில நாட்களில் டீ ஆறி, ஆடை படிந்து, அதில் ஒரு எறும்பு குடியேறும் வரைக்கும் பார்ப்பார். உச்சியில் மேகம் படுத்திருந்தால் அன்று கிளெய்ம் எதையும் அனுப்ப மாட்டார்.

"மேடம், அனுப்பிட்டீங்களா?" என்பார் மேனேஜர்.

"மல தெரியல சார்."

"மலைக்கும் இன்சூரன்சுக்கும் என்னா மேடம் சம்பந்தம்?"

"சம்பந்தம் இருக்குதோ இல்லையோ, எதுக்கு சார் வம்பு? தோ, வெலகுது பாருங்க."

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை எடுத்துப் போட்டுக்கொள்வார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. நோயாளிகளின் பெயர் வரும் இடத்தை மறைத்து, யாருடைய கல்யாணப் பத்திரிகையிலிருந்தோ கிழித்த மஞ்சள் பட்டை ஒன்றைத் திரையில் ஒட்டி வைத்திருந்தார். "பேரப் பாக்குறது, அடுத்த வீட்டு ஜன்னல எட்டிப் பாக்குற மாதிரி இருக்குதுப்பா" என்பார். பெயர் வேண்டாம் என்றால் கதையும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. கிழமையையும் நேரத்தையும் வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாழ்க்கையைக் கட்டிக் கொடுத்துவிடுவார். செவ்வாய்க்கிழமைக்காரருக்கு மாமியார் தொல்லை. வெள்ளிக்கிழமை காலையில் வருகிறவர் புதிதாக வேலையை விட்டவர். எல்லோரையும்விட அவருக்குப் பிடித்தவர் புதன்கிழமைக்காரர். முதலில் வாரத்துக்கு இரண்டு தடவை வந்தவர், பிறகு காணாமல் போய், மறுபடி ஒழுங்காகப் புதன் சாயந்திரம் நாலு மணிக்கு வரத் தொடங்கினார்.

"திரும்ப வந்துட்டாருப்பா!" என்று அன்று அக்கா போட்ட சத்தத்தில், கீழே பேக்கரிக்காரர் எங்கள் ஆபீசில் யாருக்கோ குழந்தை பிறந்துவிட்டதாக நினைத்தார்.

இந்தப் புதன்கிழமைக்காரர் போவது பனி அம்மாவிடம். அந்த தெரபிஸ்டின் வீடியோவில் பின்னால் இருந்த ஜன்னல் முழுக்கப் பனி, அதனால் அந்தப் பெயர். வருஷக்கணக்கில் பில்லைத் தானே தபாலில் அனுப்பிவிட்டு, கணக்குப் பார்க்க மட்டும் அதன் நகலை எங்களுக்குத் தந்துகொண்டிருந்தவர், இனி கம்ப்யூட்டரில் அனுப்ப என்னென்ன வழி இருக்கிறது என்று கேட்டார். மேனேஜர் கலர் கலராகப் படம் போட்டுக் காட்டினார். பனி அம்மாவின் கண்கள் சொக்கத் தொடங்கின. அக்கா பக்கத்து நாற்காலியிலிருந்து தலையை நீட்டி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஆரம்பித்தார்.

"கீழ்பென்னாத்தூருக்குப் போகணும்னு வச்சுக்கோங்க. ஒவ்வொரு இன்சூரன்ஸ் கம்பெனி வெப்சைட்டுக்கும் நீங்களே போய் அனுப்புறது நடந்து போற மாதிரி. செலவு கம்மி, கால்வலி ஜாஸ்தி. நடுவுல ஒரு கம்பெனி இருக்குது, மொத்தமா வாங்கிப் பிரிச்சு அனுப்பும். அது பஸ்சு. அப்பாயின்ட்மென்ட், பில்லு எல்லாம் ஒண்ணாப் பாக்குற சாஃப்ட்வேர் சொந்த வண்டி. வண்டிய எங்ககிட்ட குடுத்தீங்கன்னா மச்சான ஓட்டச் சொல்லிட்டு நீங்க பின்னாடி தூங்கிட்டு வரலாம்."

மச்சான் என்பதற்கு மட்டும் அவருக்கு இங்கிலீஷ் கிடைக்கவில்லை. பனி அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொந்த வண்டியும் மச்சானும் சேர்த்தே வேண்டும் என்றார்.

வண்டி வந்தது. பனி அம்மா ஒருவரைப் பார்த்து முடித்ததும் ஒரு பட்டனைத் தட்டினால் போதும், கிளெய்ம் தானாகத் தயாராகி எங்களிடம் வந்துவிடும். மேனேஜரே தன் கையால் அதை எல்லாம் அமைத்தார். ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே டினையல்கள் கொட்டத் தொடங்கின. எல்லாம் இல்லை, சிலது மட்டும். தெரபிஸ்டின் குறிப்போடு கிளெய்ம் பொருந்தவில்லை என்று காரணம். என்ன பொருந்தவில்லை என்று கேட்டால், பதிலாக இன்னொரு டினையல் வரும்.

பனி அம்மா ஒருநாள் வீடியோவில் வந்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. இனிமேல் என்னால் இதோடு மல்லாட முடியாது, அடுத்த மாதத்திலிருந்து இன்சூரன்சில் யாரையும் பார்க்கப் போவதில்லை, கையிலிருந்து கொடுக்க முடிந்தவர்கள் மட்டும் வரட்டும் என்று சொல்லிவிட்டார். மேனேஜருக்கு ஒரு வாடிக்கையாளர் போகிறாரே என்ற கவலை. அக்காவுக்கு வேறு கவலை.

"அப்போ புதன்கிழமைக்காரரு எங்கப்பா போவாரு?" என்று என்னைக் கேட்டார். அன்று டிபன் பாக்ஸ் திறக்கப்படவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், விஷயம் முதலிலேயே அக்காவின் கண்ணில் பட்டிருந்தது. "புதன்கிழமைக்காரரு வியாழக்கிழமைக்கு மாறிட்டாருப்பா. வேலைல ஷிப்டு மாத்திட்டாங்க போல, பாவம்" என்று என்னிடமே சொன்னார். உடனே அந்த ஷிப்டுக்கு ஒரு கொடுமைக்கார சூப்பர்வைசரையும் உண்டாக்கி, அவனை ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டும் இருந்தார். கண்ணில் பட்டதைக் கனவு மூடிக்கொண்டது.

மறுநாள் அக்கா அரைநாள் லீவு போட்டார். "மலையச் சுத்தினா எதாச்சும் தோணும், வாப்பா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். லேசான வெயில். ரோட்டோரப் புளியமரங்களின் நிழலில் நடந்தோம். மலை எங்களோடு கூடவே நடந்து வந்தது. நடக்க நடக்க அதன் முகம் மாறிக்கொண்டே இருந்தது. எனக்கே ஏதோ தூக்கத்தில் நடப்பது போலத்தான் இருந்தது.

அடி அண்ணாமலையில் டீக்கடையில் உட்கார்ந்தோம். ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் கடைக்காரரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது.

"பௌர்ணமி இன்னிக்கா, நாளைக்கா?" என்று அந்த அம்மா தெலுங்கு கலந்த தமிழில் கேட்டார்.

"ரெண்டு நாளும்தாம்மா. இன்னிக்கு சாயந்திரம் ஆரம்பிக்குது, நாளைக்கு சாயந்திரம் முடியுது. நெலா ஒண்ணுதான், தேதிதான் ரெண்டு" என்றார் கடைக்காரர்.

அக்காவின் கையிலிருந்த கிளாஸ் அப்படியே நின்றது.

"ஏம்பா, பனி அம்மா ஊர்ல புதன் சாயந்திரம் நாலு மணின்னா, நமக்கு என்னா கிழம?"

"வியாழக்கிழமை விடியக்காலைக்கா."

"அடப்பாவி! அவரு எங்கயும் மாறலப்பா! நாமதான் அவர மாத்திட்டோம்!"

திரும்பிப் போக ஆட்டோ பிடித்தோம். நடந்த விஷயம் இதுதான். சாஃப்ட்வேரை அமைக்கும்போது எந்த ஊர் நேரம் என்று அது கேட்டிருக்கிறது. மேனேஜர் பெருமையாக நம் ஊர் நேரத்தைக் கொடுத்துவிட்டார். காலையில் அங்கே வருகிறவர்களுக்குத் தேதி மாறவில்லை. சாயந்திரம் வருகிறவர்கள் எல்லாம் நம் கணக்கில் மறுநாளுக்குப் போய்விட்டார்கள். புது வண்டி அனுப்பும் கிளெய்மில் தேதி மட்டும்தான் இருக்கும், நேரம் இருக்காது. பனி அம்மாவின் குறிப்பில் புதன், எங்கள் கிளெய்மில் வியாழன். எந்தக் கம்பெனி ஒத்துக்கொள்ளும்?

தேதிகளைத் திருத்தி எல்லாவற்றையும் தயார் செய்தோம். அனுப்ப வேண்டிய நேரத்தில் பார்த்தால், மலை உச்சியில் மேகம். மாத்திரைக்குக் கை போகும் என்று நான் மேனேஜரைப் பார்த்தேன். அவரோ எழுந்து வந்து ஜன்னலோரம் நின்றார். அவர் பின்னால் நாங்கள் எல்லோரும் நின்றோம். கம்பெனியின் மொத்த சம்பளப் பட்டியலும் ஒரு மேகத்துக்காகக் காத்திருந்தது.

"வெலகுதா மேடம்?" என்று கேட்டவர் மேனேஜர்தான்.

"வெலகுது சார்."

"அப்போ அனுப்புங்க."

ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. பனி அம்மா இன்சூரன்சை விடவில்லை. புதன்கிழமைக்காரர் புதன்கிழமைக்கே வந்து சேர்ந்தார். அந்த சூப்பர்வைசரையும் அக்கா மன்னித்துவிட்டார்.

பல மாதங்கள் கழித்து ஒரு வாரம் புதன்கிழமைக் கிளெய்ம் வரவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீடியோவில் பனி அம்மாவைப் பார்த்ததும் கேட்டேவிட்டார். யார், என்ன என்று எதையும் நான் சொல்லக்கூடாது என்றார் பனி அம்மா. பிறகு லேசாகச் சிரித்து, இனி அந்தக் கிளெய்ம் வராது, அதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அக்கா மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. மறுநாள் ஒரு பெரிய தூக்குவாளி நிறைய கேசரி வந்தது. பில் வராமல் போனதற்குக் கேசரி கொடுத்துக் கொண்டாடிய பில்லிங் ஆபீஸ் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். மேனேஜர் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்காரருக்கு மாற்றல் வந்து அக்கா இப்போது ஓசூரில் இருக்கிறார். நானும் அந்த ஆபீசை விட்டுவிட்டேன். ஆனாலும் புதன்கிழமை சாயந்திரம் நாலு மணிக்கு என் போன் அடிக்கும்.

"எப்படிப்பா இருக்குற? மனசு எப்படி இருக்குது?"

உண்மையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் நன்றாக இருக்கிறேன் என்று தெரிந்துவிட்டால், அவர் கேசரி கிளறிக் கொண்டாடிவிட்டுக் கூப்பிடுவதை நிறுத்திவிடுவாரோ என்று எனக்குப் பயம். அதனால் வாராவாரம், "பரவாயில்லக்கா, ஆனா இன்னும் முழுசா சரியாகல" என்றே சொல்லிவருகிறேன்.