ஏதும் வருதாக்கா?

ராமுத்தாய் கையை நீட்டியதும் ஷாரோனின் பேனா நழுவிக் கீழே விழுந்தது.

முழங்கைக்குக் கீழே, பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் செக்கச்செவேலென்று தடித்திருந்தது.

"அய்யய்யோ! எரியுதாக்கா?"

"எரியாம? சுள்ளு சுள்ளுன்னு இழுக்குது ஆத்தா," என்றாள் ராமுத்தாய், சிரித்த முகமாக.

பின்னால் நின்ற ஐந்து பெண்களும் சேலைமேல் போட்டிருந்த ஆம்பளைச் சட்டையின் கையை மடித்துவிட்டார்கள். ஐந்து கையிலும் அதே சிவப்பு.

ஷாரோன் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

சத்தியநேசன் அண்ணாச்சி போடியில் முப்பது வருசமாக ஏலக்காய் வியாபாரம் பார்ப்பவர். ஏலக்காய்ச் சக்கையைக் காய்ச்சி, கற்றாழை சேர்த்து, வெயில் படாமல் உடம்பைக் காக்கும் கிரீம் ஒன்று செய்திருந்தார். விற்பதற்கு முன்னால் அது ஆளுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டுமே? போடிமெட்டுத் தோட்டத்துக்கு ஜீப்பில் காயெடுக்கப் போகும் இந்த ஆறு பேரும் மனசார ஒத்துக்கொண்டார்கள். கையில் துளி கிரீம் தடவி, மேலே பிளாஸ்திரி ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஷாரோன் நாசரேத்திலிருந்து வந்திருந்தாள். சேர்ந்து இருபது நாள் ஆகிறது. அடுத்த சனிக்கிழமை தேனியிலிருந்து தோல் டாக்டர் முத்துப்பிரியா வந்து பார்த்துச் சரி என்றால்தான் கிரீமும் நிலைக்கும், அவள் வேலையும் நிலைக்கும்.

அதனால் அவளுக்கு இரண்டு நாள் பொறுக்க முடியவில்லை. முதல் நாள் சாயங்காலமே ஜீப்பு வந்து நின்றதும் ஓடிப்போய், "ஏதும் வருதாக்கா? நல்லாப் பாருங்க, ஏதும் வருதாக்கா?" என்று ஆறு பேரையும் துளைத்தெடுத்துவிட்டாள். "இந்த வேலை போச்சுன்னா ஊருக்குத்தான் வண்டியேறணும்" என்று கண்ணையும் கசக்கினாள். அன்றைக்கு ஒன்றுமே வரவில்லை.

இன்றைக்கு வந்துவிட்டது.

அண்ணாச்சி ஓடிவந்து பார்த்து நெஞ்சில் கைவைத்தார்.

"ஏ பிள்ளே, தடவச் சொன்னா அள்ளி அப்புனியா?"

"மொளகு அளவுதான் அண்ணாச்சி!"

"அப்ப பாதியாக் கொறை. மறு கையில போடு."

"வேண்டாம் அண்ணாச்சி, பாவம். அக்கா, நீங்க யாரும் இனிமே வர வேண்டாம். புண்ணு ஆறட்டும்."

ராமுத்தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "நல்லாருக்கே! ஒன்னய பாதியில விட்டுட்டுப் போறதுக்கா வந்தோம்? ஒட்டு ஆத்தா!"

இவ்வளவு எரிச்சலிலும் எப்படிச் சிரிக்கிறார்கள் என்று ஷாரோனுக்குப் புரியவில்லை.

பாதி கிரீம் தடவினாள். இரண்டு நாள் கழித்து ஜீப்பு அரைமணி பிந்தி வந்தது. பிளாஸ்திரி எல்லாம் கோணல்மாணலாக ஒட்டியிருந்தன. மலைப்பாதைக் குலுக்கல் என்று நினைத்துக்கொண்டாள். பிரித்தால், வட்டம் வடை அளவுக்கு வளர்ந்திருந்தது.

அம்மாவுக்கு வாய்ஸ் அனுப்பினாள். "அம்மா, ஆறு பேரு கையை நாசமாக்கிட்டேன். கொறைக்கக் கொறைக்கக் கூடுது. என்னையப் பிடிச்சிட்டுப் போயிருவாங்க போலருக்கு!"

"சாப்பிட்டியா?" என்று பதில் வந்தது.

டாக்டருக்குப் போன் போட்டாள். டாக்டர் நிதானமாகச் சொன்னார். "கிரீமை நிறுத்து. காய்ச்சி ஆறவச்ச தண்ணில பஞ்சை நனைச்சு, வேற இடத்துல ஒட்டு. என்னன்னு அவங்ககிட்ட சொல்லாத. ஒண்ணும் வராது. வந்தா என்கிட்ட கேளு."

தண்ணீரை ஒட்டினாள். தன் கையிலும் ஒன்று, அண்ணாச்சி கையிலும் ஒன்று. மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒட்டினாள். ஆறு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

சனிக்கிழமை டாக்டர் வந்து காத்திருந்தார். ஜீப்பு ஒரு மணி நேரம் பிந்தி வந்தது.

ராமுத்தாய்தான் முதலில் பிரித்தாள்.

அப்பளம்! அப்பளம் பொரிந்த மாதிரிக் கொப்புளமும் தடிப்புமாக!

"பாரு ஆத்தா, இன்னைக்குத்தான் அம்சமா வந்திருக்கு!"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "இதுல என்ன வச்சே ஷாரோன்?"

"தண்ணி டாக்டர்," என்றாள் ஷாரோன்.

"பிளாஸ்திரி சேரலையோ?" என்றார் அண்ணாச்சி. அவசரமாகத் தன் கையில் இருந்ததைப் பிரித்தார். கை பளிச்சென்று இருந்தது. ஷாரோன் கையும் பளிச்சென்று இருந்தது.

"அப்ப தண்ணியேதானா?" அண்ணாச்சி பாதி குடித்திருந்த காப்பியை மெதுவாகத் தள்ளி வைத்தார். "ஊரே இந்தத் தண்ணியத்தானய்யா குடிக்குது!"

"இத்தனை வருசத்துல தண்ணிக்கு இப்படித் தடிச்ச ஆள நான் பாத்ததில்ல," என்றார் டாக்டர். "அதுவும் ஒரே ஜீப்புல ஆறு பேரு."

அண்ணாச்சி உள்ளே ஓடினார். குடம் குடமாகக் கொட்டுகிற சத்தம் கேட்டது. கிரீம் டப்பாக்களும் விழுகிற சத்தம் கேட்டது.

ஷாரோன் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "என்னைய மன்னிச்சிருங்கக்கா. நான் ஊருக்குப் போறேன்."

ராமுத்தாயின் சிரிப்பு சட்டென்று நின்றது. "என்னாத்துக்கு? அதான் இம்புட்டு வந்திருச்சே!"

வெளியே ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோன ஜீப்பு டிரைவர் அழகுராஜா, உள்ளங்கையைச் சொறிந்துகொண்டே உள்ளே வந்தான்.

"டாக்டரம்மா, இன்னைக்காச்சும் போதும்னு எழுதிக் குடுத்து விடுங்க. 'ஒண்ணும் வரலைன்னா அந்தப் புள்ள அழுவுதே'ன்னு இவுக பிளாஸ்திரி பிரிக்கிற நாளெல்லாம் வளைவுல வண்டிய நிப்பாட்டி, அரிக்கிற செந்தட்டி எலையப் பறிச்சு பிளாஸ்திரிக்கு அடியில ஆளுக்காளு தேச்சுக்கிர்றாக, இன்னைக்கு எலை எட்டலைன்னு என்னயவும்ல பறிக்க விட்டாக!"