வேருக்குப் பஞ்சர் பாத்தவரு

திருச்சி ஜில்லாவுலயே செடி வேருக்குப் பஞ்சர் பாத்த ஒரே ஆளு எங்க காட்டூர் சைக்கிள் கடைக்காரருதாங்க. ஊரே அவரைப் "பஞ்சரு"ன்னுதான் கூப்பிடும். ஸ்ரீரங்கம் போற அவசரத்துல ஒருத்தர் வண்டியை விட்டா, இவரு அதை வெயில்ல சாத்திட்டு, பக்கத்துக் கொல்லையில செடியைப் பிடுங்கி வேரை மோந்துகிட்டு நிப்பாரு.

நான் மூணாங்கிளாஸைத் தாண்டாத மேதை. அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பதுகளோட கடைசி. எங்க கொல்லைக்காட்டுல சோளம் அறுத்த கையோட எள்ளு விதைக்கக் கிளம்பினேன். பஞ்சரு வழி மறிச்சாரு.

"டேய், இப்பப் போடாதே. சோள வேரு விஷம் கக்கியிருக்கு. ரெண்டு மழை கழுவட்டும்."

"கக்குதா? வாந்திபேதியாண்ணே?"

"டியூப்பைத் தண்ணியில முக்கினா ஓட்டை தெரியுதுல்ல? வேரும் அப்படித்தான் ஒழுகும். பக்கத்துல ஒண்ணையும் வளரவிடாது."

"எங்க சித்தப்பா மாதிரின்னு சொல்லுங்க."

விதைச்சுட்டேன். எனக்கு அவசரம். சமயபுரம் திருவிழாவுல ஒரு பொண்ணைப் பாத்து மயங்கிக் கெடந்தேன். அவங்கப்பா, "வெள்ளாமையைப் பாத்துட்டுத்தான் பொண்ணு"ன்னுட்டாரு.

எள்ளு முளைச்சுது. விரல் உசரத்துல நின்னுடுச்சு, காமாலை வந்த மாதிரி. யாரோ கண்ணு வச்சுட்டாங்கன்னு திருஷ்டி பொம்மை கட்டி, என் ஒரே நல்ல சட்டையை அதுக்கு மாட்டிவிட்டேன். அப்பறம் மாரியம்மனுக்கு மொட்டையும் போட்டேன். எள்ளும் வளரலை, முடியும் வளரலை.

பொண்ணோட அப்பா வந்தாரு. கொல்லையைப் பாத்தாரு, என் தலையைப் பாத்தாரு. "ரெண்டும் ஒண்ணுபோலத்தான் இருக்கு"ன்னு செருப்பை மாட்டினாரு.

அப்பத்தான் பஞ்சரு ரெண்டு சட்டியோட மூச்சிரைக்க ஓடி வராரு.

"ஐயா, நில்லுங்க! ரெண்டுலயும் ஒரே எள்ளு, ஒரே ஆத்து மணலு. இதுக்கு வெறுந்தண்ணி ஊத்தினேன். இதுக்கு சோள வேரு ஊறின தண்ணி."

ஒண்ணு தளதளன்னு நின்னுது. இன்னொண்ணு அச்சு அசலா என் கொல்லை.

"அப்ப பையன் சோம்பேறி இல்லீங்களா?"

"சேச்சே! மாடா உழைப்பான். முட்டாளு, அவ்வளவுதான். தலைப்பாடா அடிச்சுகிட்டேன், கேக்கலை."

பெரியவரு ரெண்டு சட்டியையும் மாத்தி மாத்திப் பாத்தாரு. "முட்டாளுன்னா பரவாயில்லீங்க. எம்பொண்ணு பாத்துக்குவா."

இன்னிவரைக்கும் பாத்துக்கறா.

மூத்தவன் பொறந்தப்ப, "சட்டியோட ஓடி வந்தவரு பேரையே வச்சிடுவோங்க"ன்னா எம்பொண்டாட்டி. சரின்னு கடைக்கு ஓடினேன். அத்தனை வருஷப் பழக்கத்துல அன்னிக்குத்தான் மொதல்தடவையா, "அண்ணே, உங்க பேரு என்ன?"ன்னு கேட்டேன். ஏன்னும் சொன்னேன்.

மனுஷன் திரும்பி உக்காந்து, கல்லு மாதிரி நிறைஞ்சிருந்த ஒரு டயருக்கு ரொம்ப நேரம் காத்தடிச்சுகிட்டே இருந்தாரு.