மூன்றாவது சிவப்புக் கோடு

மரிய ஜெரால்டு மேட்டில் மூச்சு வாங்க சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு மொபெட் வந்து ஒட்டியது.

“சார், பைக் என்னாச்சு? வித்துப்புட்டீகளா?”

“வீட்ல நிக்கிது. இது உடற்பயிற்சி.”

“நல்லதாப் போச்சு. பைக்குல போனா உங்கள மறிக்கவே முடியாது. எம் பட்டா மனு எந்த மேசையில கெடக்கு சார்?”

மொபெட்டில் வந்த பாண்டீஸ்வரன் இடது கையால் மனுவின் நகலை நீட்டினான். வாங்காமல் மிதித்தால் அரசு ஊழியர் ஓடிவிட்டார் என்று சொல்வானோ? ஜெரால்டு இறங்கிப் படித்தார். தாலுகா அலுவலகம் சேரும்போது மணி பத்தே கால்.

மேலாளர் துர்காதேவி வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார். மூன்று கோடு சேர்ந்தால் ஒரு நாள் தற்செயல் விடுப்பு போய்விடும். ஜெரால்டிடம் மிச்சம் இருந்ததே ஒரு நாள்தான். மாலை வகுப்பில் அவர் படிக்கும் மேலாண்மைப் படிப்புக்கு வெள்ளிக்கிழமை காலை கடைசித் தேர்வு; அந்த விடுப்பு அதற்குத்தான். போன வருடம் அதைக் காய்ச்சலில் விட்டிருந்தார். இன்று செவ்வாய்.

புதன்கிழமை, ஆள் தெரியாமல் இருக்க ஹெல்மெட் போட்டுக்கொண்டார். அந்தச் சாலையில் ஹெல்மெட் போட்டு சைக்கிள் மிதித்த ஒரே மனிதர் அவர்தான் என்பதால், அரை கிலோமீட்டர் தூரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். நான்கு மனுக்கள். இரண்டாவது கோடு.

அன்று இரவு வகுப்பு நோட்டில் எழுதினார்: ‘சிக்கல்: வழியில் ஆட்கள். தீர்வு: ஆட்கள் எழும்முன் கிளம்புதல்.’ கொஞ்சம் யோசித்து, ‘தவறாகவும் இருக்கலாம்’ என்று கீழே சேர்த்தார்.

வியாழன் காலை ஏழு மணிக்கு, சாக்கோட்டைச் சாலை டீக்கடையில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள்.

“இங்குட்டு வாங்க சார். பெஞ்சத் தொடச்சு வச்சிருக்கோம்.”

“எப்ப இருந்து நிக்கிறீக?”

“ஆறு மணில இருந்து. நீங்க எப்ப வருவீகன்னு யாரு கண்டா?”

முறையாகச் செய்தால் சீக்கிரம் முடியும் என்று நினைத்த ஜெரால்டு, நோட்டுத் தாளைக் கிழித்து டோக்கன் கொடுத்தார். டோக்கனைப் பார்த்ததும் பஸ்ஸுக்கு நின்றவர்களும் வரிசையில் சேர்ந்தார்கள். டீ மாஸ்டர் வெள்ளைத்தாள் விற்க ஆரம்பித்தார். மனுக்கள் பறக்காமல் இருக்க ஹெல்மெட்டைக் கவிழ்த்து அதில் போட்டார் ஜெரால்டு. இருபத்து மூன்று ஆனபோது மணி பத்து.

“முடிஞ்சது, நான் கெளம்புறேன்!”

“எனக்கு டோக்கன் இருபத்து நாலு” என்றாள் முதியோர் பென்ஷனுக்கு வந்த காளியாயி. “முடிக்காம எப்பிடிப் போவீக?”

சொல்லிக்கொண்டே கேரியரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“எறங்குங்கம்மா, நேரமாச்சு!”

“நீங்க மிதிங்க சார். நான் பின்னால இருந்தே சொல்லிக்கிட்டு வாரேன்.”

மாமியார் காலத்திலிருந்து ஆரம்பித்தாள். எதிர்க்காற்று வேறு. பத்து நாற்பதுக்கு ஜெரால்டு மேலாளர் அறைக்குள் நுழைந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னாலேயே காளியாயியும் வந்தாள்.

துர்காதேவி பதிவேட்டை விரித்து வைத்திருந்தார்.

“என்ன ஜெரால்டு இது?”

“மனு மேடம். இருபத்து மூணு. இவுக இருபத்து நாலு.”

“ரோட்டுல மனு வாங்கச் சொல்லி ஆபீஸ்ல உத்தரவு இருக்கா?”

“இல்ல மேடம்.”

“உத்தரவு இருந்தா அது வெளிவேலை, லேட்டுக் கணக்குலயே வராது. உத்தரவு இல்லாம நீங்களா செஞ்சா நான் என்ன செய்ய முடியும்?”

ஜெரால்டுக்கு நாளைய கேள்வித்தாள் கண்ணில் வந்து போனது. துர்காதேவி சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

காளியாயி எட்டிப் பார்த்தாள்.

“உத்தரவு இல்லாமலா? ‘மனுக் குடுக்கிறவுக சைக்கிள் சாரை வழியிலயே பாத்துக்கங்க’ன்னு நேத்து மத்தியானம் நீங்கதான தாயி கையெழுத்துப் போட்டு, எங்கிட்ட பசையக் குடுத்து சன்னலுக்கு வெளிய ஒட்டச் சொன்னீக?”